பச்சைப் பக்கம்

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டரம்மா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். மூடி வைக்க ஒரு தட்டு வேண்டும் என்று உங்கள் கான்ஸ்டபிள் பெண்ணிடம் கேட்டேன், முகம் சுளிக்காமல் கொண்டுவந்து கொடுத்தாள். எதையும் திறந்துபோட்டு வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அந்தப் பெண் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள், பரவாயில்லை. ஆனால் மற்ற எல்லாருக்கும் நான் வார்டன். முப்பத்தொரு வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள். காலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிடும்போது, தலையை நிமிர்த்தாமலேயே, வருகிற குரலை வைத்து யாருக்குக் காய்ச்சல், யார் அழுதிருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வெளியே பெஞ்சில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், என் பையன் கூட்டிவந்தவர். "ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்கிறார். என் பையனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே சொல்கிறான். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் குறுக்கிட்டால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் குடியிருப்பை நேற்று வந்து பார்த்தீர்கள். வயசானவர்களுக்காகவே வயல்களுக்கு நடுவில் கட்டியது. நாற்பது சின்ன வீடுகள், இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். நடுவில் ஒரே சுவர். முன்னால் கைப்பிடி அளவு தோட்டம், சரளைக்கல் பாதை, சாப்பாட்டுக் கூடம், ஒரு மருந்தறை. பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. எல்லோரும் அவரவர் சமையல், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் கூடத்தில் சேர்ந்து சாப்பாடு. எல்லாவற்றுக்கும் பின்னால், வேலியை ஒட்டி, கிழக்குக் கட்டடம்.

வீட்டு வாசலில் தொங்குகிற வட்டப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. அது என் யோசனை. நான் வந்த புதிதில், மூன்றாவது வரிசையில் இருந்த போஸ்ட்மாஸ்டர் கட்டிலுக்குக் கீழே விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்து செத்துப்போனார். எனக்கு மனசு ஆறவே இல்லை. கூட்டம் போட்டு எழுந்து நின்றேன். படுக்கப் போகும்போது எல்லாரும் பலகையைச் சிவப்புக்குத் திருப்பணும், எழுந்ததும் பச்சைக்குத் திருப்பணும், சரியாக எட்டு மணிக்கு சூப்பர்வைசர் சைக்கிளில் ஒரு சுற்று வரணும், சிவப்பு தெரிந்தால் கதவைத் தட்டணும் என்றேன். கைதட்டினார்கள். நன்றாக இருக்கும்போதே ஒருவர் ஒரு மாதத்தில் மூன்று தடவை சிவப்பை மறந்து விட்டுவிட்டால், டாக்டர் வந்து பரிசோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். மூன்று என்ற எண்ணும் நான் சொன்னதுதான். இரண்டு போதும் என்றார் எங்கள் வரிசையில் இருந்த ரிட்டயர்டு ஜட்ஜ். பாவம், மனுஷனுக்கு மூன்று கிடைக்கட்டும் என்று நான்தான் வாதாடினேன்.

டாக்டர் பரிசோதித்தால் அப்புறம் மறதிக்காரர்களை வைத்திருக்கிற கிழக்குக் கட்டடம்தான். அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். கதவில் எண் அழுத்தித் திறக்கிற பூட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு அந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள். அந்த ஜட்ஜை அங்கே கொண்டுபோன மாதம் நான் பார்க்கப் போயிருந்தேன். பன்னிரண்டு கட்டில், எல்லாவற்றுக்கும் கம்பித் தடுப்பு. டிவி ஓடுகிறது, சத்தம் இல்லை. ஜட்ஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் ஷூவ எங்க வச்சீங்க? கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்றார். காலில் துணிச் செருப்பு. நர்ஸ் வந்து, "தூங்கினா ஷூ வந்துடும்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். மற்றவர்களைத் தூக்கில் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட மனுஷன், அவள் சொன்னதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினேன். சாவுக்கு நான் பயப்படுகிறவள் இல்லை, அம்மா. அந்தக் கன்னத்தட்டலுக்குப் பயப்படுகிறேன்.

என் சுவருக்கு அந்தப் பக்கம் டெய்லரம்மா. கல்யாண வீட்டு ஜாக்கெட் எல்லாம் தைத்து நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவள். என்னைவிட ஆறு வயசு சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கண்ணில் பூ விழுந்து எல்லாம் பால் மூடின மாதிரித் தெரியும் அவளுக்கு. பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். அதனால் கத்தரியால் பச்சைப் பக்கத்து ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி வைத்திருந்தாள், விரலால் தடவிப் பார்த்துத் திருப்புவாள். மருந்துச் சீட்டை நான் படித்துச் சொல்வேன். அவள் வாய் ஓயாமல் பேசுவாள். குளியலறைச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. எழுந்துவிட்டாள் என்றால் அந்தச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள், நானும் இரண்டு தட்டுவேன். அதுதான் எங்கள் குட்மார்னிங்.

இந்த மாதம் எனக்கு இரண்டு சிவப்பு விழுந்தது. முதல் தடவை அசந்து தூங்கிவிட்டேன். யாருக்கும் நடப்பதுதான். இரண்டாவது தடவை சீக்கிரமே எழுந்துவிட்டேன். பல் தேய்த்தேன், வாசலுக்கு வந்தேன், பலகைக்கு முன்னால் நின்றேன். அது எதற்கு அங்கே தொங்குகிறது என்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சைக்கிள் மணி கேட்டுத்தான் திரும்பினேன். சூப்பர்வைசர் தம்பி என்னையும் பார்த்தார், பலகையையும் பார்த்தார். நோட்டில் குறித்துக்கொண்டார். இதை நானே உங்களிடம் சொல்கிறேன் என்பதையும் எழுதுங்கள். மறதி உள்ளவளுக்கு மறந்தது ஞாபகம் இருக்குமா?

டெய்லரம்மா அன்றைக்கே வந்துவிட்டாள். "கவலைய விடுங்கக்கா. எனக்கு ஆறரைக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. என்னோடத திருப்பறப்ப உங்களோடதையும் திருப்பிட்டுப் போறேன்" என்றாள். என் பலகையிலும் கத்தரியால் ஒரு வெட்டு வைத்தாள். கண் தெரியாதவள் எனக்குக் காவல். சிரித்துக்கொண்டோம்.

புதன்கிழமை சாயங்காலம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தோட்டத்தில் களை பிடுங்கப் போயிருந்தேன். அவள்தான் வாசனை பிடித்துத் தடவித் தடவி வந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரம் கரி. அவள் விரலில் கொப்புளம். நான் உள்ளே வந்தபோது தண்ணீர்க் குழாயில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு மூக்கு இருந்துச்சு, கண்டுபிடிச்சேன். நாளைக்கு எனக்குச் சளி பிடிச்சா?"

"இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"போன வாரம் என்ன?"

அவள் கையைத் துடைத்தாள். அப்புறம் என் தோளைத் தேடிப் பிடித்தாள். "காலைல தம்பி வந்ததும் சொல்லிடப் போறேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க எரிஞ்சு போறதப் பாத்துட்டு, வாசல்ல பச்சையத் திருப்பிட்டு இருக்க என்னால முடியாதுக்கா."

நான் கெஞ்சினேன். என் வயசில், என் வாயால், ஒரு டெய்லரிடம் கெஞ்சினேன். காலைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவள் அழுதாள். ஆனால் மாறவில்லை. ஆரம்பித்த தையலை நடுவில் விடுகிற ஜாதி இல்லை அவள்.

வியாழக்கிழமை. இங்கிருந்து நேரம் போட்டே எழுதிக்கொள்ளலாம். ஏழு பத்துக்குச் சுவரில் தட்டுகிற சத்தம். இரண்டு இல்லை, விடாமல். எழுந்து வாசலுக்குப் போனேன். என் பலகை சிவப்பு. அவள் பலகையும் சிவப்பு. அவள் வீட்டு மாற்றுச் சாவி என்னிடம் உண்டு, திறந்துகொண்டு போனேன். குளியலறையில் கிடந்தாள். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. விடுதியில் ஒரு பிள்ளை மாடிப்படியில் விழுந்து அதே மாதிரிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், இடுப்பு எலும்பு என்று உடனே தெரிந்துவிட்டது. கையில் சோப்புப் பெட்டி. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறாள்.

"அக்காவா? விழுந்துட்டேன்க்கா. தம்பியக் கூப்பிடுங்க."

"இதோ" என்றேன். தலையணை வைத்தேன், போர்வை போர்த்தினேன். என் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தேன். நான் ரிட்டயர் ஆன நாளில் விடுதிப் பிள்ளைகள் கொடுத்த பூப்போட்ட கண்ணாடி டம்ளர் ஒரு டஜன் இருக்கிறது, அதில் ஒன்று. தட்டால் மூடித்தான் கொண்டுபோனேன். தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, நீங்க இருக்கீங்க" என்றாள்.

வெளியே வந்தபோது எட்டு மணி. மூன்றாவது வரிசையில் சைக்கிள் மணி கேட்டது. இரண்டு பலகைக்கும் நடுவில் நின்றேன். இந்த இடத்தை நீங்கள் நிதானமாக எழுத வேண்டும். அவர் உள்ளே வந்தால் ஸ்ட்ரெச்சர் வரும். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போதே அவள் சொல்லிவிடுவாள், வலியோடு சொல்லிவிடுவாள், எனக்காகத்தான் சொல்வாள். என் பலகை சிவப்பு, அது மூன்றாவது. மத்தியானத்துக்குள் என் காலில் துணிச் செருப்பு. என் பலகையைத் திருப்பினேன். அப்புறம் அவளுடையதைத் திருப்பினேன். கை தானாகப் போனது என்று எழுதச் சொல்கிறார் வக்கீல். கை தானாகப் போகவில்லை. ஓரத்தில் அந்த வெட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் திருப்பினேன்.

சூப்பர்வைசர் தம்பி வந்தார். "என்ன வார்டன், டெய்லரம்மா சத்தத்தையே காணோம்?"

"பாத்ரூம்ல இருக்காங்க."

"நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று மணியடித்துக்கொண்டு போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். அவள் பாத்ரூமில்தான் இருந்தாள்.

உள்ளே போய், "தம்பி டவுனுக்குப் போயிருக்கார், வந்ததும் வருவார்" என்றேன். அது பொய். அது ஒன்றுதான் பொய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ" என்றேன். ஒரு நாள் போனால் அவள் மனசு மாறும் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்பார்களே என்று பயம். மத்தியானம் ஆயிற்று. ஐந்து மணி நேரத்துக்கு என்ன பதில் சொல்வது? நேரம் ஆக ஆக வாசல்படி உயரமாகிக்கொண்டே போனது. பயம் என்பது வட்டி மாதிரி ஏறும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் நான் அவளைக் கைவிடவில்லை. அதை நீங்கள் முக்கியமாக எழுதணும். அன்றைக்கும் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும், காலை, மதியம், மாலை, மூன்று வேளையும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். விடுதியில் காய்ச்சல் அறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே ஒழுங்கு. டம்ளரில் ஊற்றுவேன், தட்டால் மூடுவேன், கொண்டுபோவேன். தலையைத் தூக்கிப் பிடிப்பேன். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, நீங்க இருக்கீங்க" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னாள். அவ்வளவு நன்றி உள்ளவள்.

சுவரில் தட்டுவாள். வியாழக்கிழமை சாயங்காலம் நிறையத் தட்டினாள். நான் என் பக்கத்திலிருந்து இரண்டு தட்டுவேன், இருக்கிறேன், வருகிறேன் என்று. உடனே நிறுத்திவிடுவாள். என்னை நம்பினாள் பாருங்கள். வெள்ளிக்கிழமை கொஞ்சம் குறைந்தது. அந்தச் சத்தம் பாதையில் போகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன செய்வது என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். எதிர்வீட்டு பேங்க் மேனேஜர்கூடத் தோட்டத்தில் நின்று, "என்ன வார்டன், ஒரே பாட்டும் கூத்துமா இருக்கு" என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவில் சாய்ந்து நின்றேன். சனிக்கிழமை காலை ஒரே ஒரு தட்டு. நான் இரண்டு தட்டினேன். அப்புறம் சத்தம் இல்லை. தூங்குகிறாள், வலி குறைந்திருக்கிறது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கெல்லாம் எழுந்து இரண்டு பலகையையும் திருப்பினேன். படுக்கப் போகும்போது இரண்டையும் சிவப்புக்குத் திருப்பினேன். நாலு நாளில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. சூப்பர்வைசர் நோட்டை வாங்கிப் பாருங்கள், இரண்டு வீட்டுக்கும் வரிசையாகப் பச்சை இருக்கும். மறதி உள்ளவளுக்கு இது முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை, தூங்கட்டும் என்று அவளை எழுப்பப் போகவில்லை. மதியம் கூடத்தில் அவள் நாற்காலி காலி. எல்லோர் தட்டிலும் பரிமாறியாயிற்று. சூப்பர்வைசர் தம்பி வந்து, "அவங்க மக போன் பண்ணிட்டே இருக்காங்க, எடுக்க மாட்டேங்கறாங்களாம். டெய்லரம்மா எங்க?" என்றார். "வருவா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினார். நான் சாப்பிட்டு முடித்தேன். தட்டில் மிச்சம் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அவ்வளவுதான் நடந்தது. இப்போது நீங்கள் இந்தப் போட்டோவை மேஜையில் வைக்கிறீர்கள். நேற்றும் காட்டினீர்களாம், வக்கீல் சொன்னார். எனக்கு இதுதான் முதல் தடவை. என் சமையலறை மேடைதான் இது, ஜன்னல் திரையைப் பார்த்தாலே தெரிகிறது. பூப்போட்ட டம்ளர்கள் வரிசையாக இருக்கின்றன. எட்டு. எட்டிலும் தண்ணீர் நிறைய, எட்டும் தட்டால் மூடி. அவள் குளியலறையில் ஒன்று காலியாகக் கிடந்தது என்கிறீர்கள். அந்த ஒரு டம்ளருக்கு அப்புறம் தண்ணீரே இறங்கவில்லை, உதடு வெடித்திருந்தது, சனிக்கிழமை போயிருக்கிறாள், ஒரு வாய் தண்ணீர் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள்.

டாக்டர் தப்பாக எழுதியிருக்கிறார். நான் ஒன்பது தடவையும் கொண்டுபோனேன். தலையைத் தூக்கிப் பிடித்த கனம் என் கையில் இருக்கிறது. எட்டு டம்ளரை யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கிழக்குக் கட்டடத்துக்கு அனுப்ப யாராவது செய்திருப்பார்கள். அந்த பேங்க் மேனேஜரை விசாரியுங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தே பலகையைத் திருப்பினேன். தெரிந்தே யாரையும் கூப்பிடவில்லை. என்னால்தான் அவள் செத்தாள். ஜெயிலுக்கு அனுப்புங்கள். ஜெயிலில் காலையில் பேர் கூப்பிடுவார்கள், இருக்கிறேன் என்று பதில் சொல்வேன், எனக்குப் பழகின வேலை. கொலைகாரி என்று எழுதுங்கள், தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். மறந்துவிட்டாள் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இங்கே வந்ததிலிருந்து நடந்த ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது.

என்ன, டீயைக் குடியுங்கள் என்கிறீர்களா? குடித்துவிட்டேனே. சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று முதலிலேயே சொன்னேனே, எழுதிக்கொள்ளவில்லையா?

டீயை மூடின அந்தத் தட்டை ஏன் திறக்கிறீர்கள்? திறந்து பார்த்துவிட்டு என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அம்மா, கையை எடுங்கள். என் கன்னத்தைத் தொடாதீர்கள்.